மரம் வாழ மனிதன் வெளியேறுவதா?

காடு கரியமிலக் காற்றை உட்கொள்கிறது, ஆகவே காடு காப்போம் என்று வகுப்பிலே கற்பிக்கிறோம். அண்மையில் ஒரு மாணவன் எழுந்தான். "அந்தக் காட்டிலேயே குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள், ஐயா?" என்று கேட்டான். பாடநூலில் அதற்கு விடை இல்லை. விடை தேடிய எம் எண்ணம் கென்யாவிலே போய் நின்றது.

அங்கே மாவ் என்றொரு காடு. பல ஆறுகளின் பிறப்பிடம். தலைமுறை தலைமுறையாக அதிலே வாழ்பவர் ஒகியெக் மக்கள். மரத்திலே தேன்கூடு ஏற்றித் தேனெடுத்துப் பிழைப்பவர். மரம் வீழ்ந்தால் தம் வாழ்வும் வீழும் என்றறிந்தவர். அவர்களுக்குத்தான் 2009 அக்டோபரில் ஆணை வந்தது: முப்பது நாளில் வெளியேறுக! ஏன்? காட்டைக் காக்க வேண்டுமாம்!

வழக்கு ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் சென்றது. 2017 மே 26-ல் தீர்ப்பு வந்தது. காடு சீரழிந்ததற்கு ஒகியெக் மக்கள் காரணமல்லர். பிறரைக் குடியேற்றியதும் மரம் வெட்ட அனுமதித்ததுமே காரணம் என்றது நீதிமன்றம். 2022 ஜூனில், 15 கோடியே 78 லட்சத்து 50 ஆயிரம் ஷில்லிங் இழப்பீடும், நிலத்துக்குப் பட்டாவும் தருக என்று ஆணையிட்டது.

நடந்ததென்ன? 2023 செப்டம்பரில் தலைநகர் நைரோபியிலே ஆப்பிரிக்கக் காலநிலை மாநாடு கூடிற்று. நவம்பரில் மாவ் காட்டிலே வீடுகள் தகர்க்கப்பட்டன. நூற்றுக்கணக்கானோர் நிழலிழந்து நின்றனர். மாநாட்டிலே மரத்துக்கு மாலை. மறு பருவத்திலே மனிதனுக்கு வெளியேற்றம்!

"பொதுநலத்துக்காகச் சிலர் இழக்கத்தான் வேண்டும்" என்பர் அறிவாளர் சிலர். பொதுநலம் பெரிதென்பதை நாமும் ஒப்புகிறோம். காடு காக்கப்பட வேண்டும், ஐயமில்லை. ஆனால் இழக்கும் அந்தச் சிலர் யார் என்று கேட்கிறோம். உலகு கக்கும் கரிப்புகையில் கென்யாவின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. அந்தக் கென்யாவிலும் தேனெடுப்பவன் பங்கு எவ்வளவு? புகைத்தவன் மாளிகையிலே, புகையாதவன் தெருவிலே! இதுவா பொதுநலம்?

தன்னுடையதைத் தருபவன் தியாகி. பிறனுடையதைப் பிடுங்கித் தந்துவிட்டுத் தியாகம் என்பவனுக்கு வேறு பெயர் உண்டு. உலகைக் காக்க நிலம் வேண்டுமெனில், உடையவனைக் கேளுங்கள். அவன் இசைவு பெறுங்கள். காவலை அவனிடமே ஒப்படையுங்கள். அவனைத் துரத்திவிட்டுக் காக்கப்படும் காட்டிலே மரம் இருக்கலாம், அறம் இராது.

அந்த மாணவனுக்கு இனி விடை சொல்வோம்: "அவர்கள் எங்கும் போகவேண்டியதில்லை, தம்பி. போகச் சொல்பவர்கள்தாம், எந்த உரிமையில் சொல்கிறோம் என்று விளக்கவேண்டும்."