வராத பிள்ளையின் பெயர்

2020 மார்ச்சில், கொரோனாத் தொற்றினால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபின், வகுப்பறை கைப்பேசிக்குள் புகுந்தது. வட்ஸ்அப்பிற் பாடம் அனுப்பினோம், சூமில் விளக்கினோம். அதற்கு எவரும் நம்மைப் பயிற்றியிருக்கவில்லை. முதல் நாள் என் வகுப்பிற் பாதிப்பேர்கூட இணையவில்லை. நான் பாடத்தை நிறுத்தவுமில்லை. கைப்பேசி இல்லாத பிள்ளையும், சிக்னல் தேடிக் குன்றேறிய பிள்ளையும் ஓசையின்றி உதிர்ந்தனர்.

அவர்களை விட்டு மற்றவர்க்குக் கற்பித்தது நீதியா? எவர்க்கும் கற்பிக்காதிருந்தால் அது நீதியாகியிருக்குமா? ஆகாது. எல்லோரையும் இருளில் நிறுத்துவது சமத்துவமன்று. ஆயினும், இணைந்தவரை மட்டும் எண்ணி மனநிறைவு கொள்ளும் ஆசிரியன், 1945இல் கன்னங்கரா கல்வி மந்திரியாயிருந்தபோது இந்நாடு பெற்ற இலவசக் கல்வியைக் கட்டணக் கல்வியாக்கத் துணைபோகிறான். 'டேட்டா' என்ற பெயரில் அறவிடப்பட்டது அக்கட்டணமே.

நாளைய ஆசிரியர்க்குக் கல்வியியற் கல்லூரிகள் கருவியை இயக்கக் கற்பிக்கட்டும், வேண்டியதே. அதனினும் முதன்மையாக, ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் வராத பிள்ளையின் பெயரை எழுதவும், அப்பாடத்தை அச்சுத்தாளாக அப்பிள்ளையின் வீட்டு வாசலிற் சேர்க்கவும் பழக்கட்டும். அதற்கான நேரத்தையும் தாளையும் தருவது அரசின் கடன். கேட்டுப் பெறுவது நம் கடன்.