கைதட்டிய கைகள்

பொன்னேரிக்குக் கிழக்கே, கடலுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் இடையே மணல்மேட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் குப்பம் ஒன்றில், ஒரு மாலை, கைதட்டல் ஒலி கேட்டது. வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. படகின் நிழலில் மேல்நிலை வகுப்பு மாணவர் சிலர் ஒரே கைப்பேசியைச் சுற்றிக் குந்தியிருந்தனர். பந்தாட்டமோ என்று எட்டிப் பார்த்தோம். இல்லை. திரையிலே ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துக்கொண்டிருந்தான். அதற்குத்தான் அந்த ஆரவாரம்!

அவர்கள் பார்த்தது ‘டெத் நோட்’ என்னும் சப்பானிய ஓவியத் தொடர். சுகுமி ஓபா எழுத, தகேஷி ஒபாட்டா வரைய, 2003 முதல் 2006 வரை வார இதழில் வந்த கதை. 2006 அக்டோபரில் தொடங்கி 2007 சூனில் முடிய 37 பகுதிகளாகத் தொலைக்காட்சியில் ஓடியது. சாவுத் தேவன் ஒருவன், பொழுது போகாமல், தன் குறிப்பேட்டை மண்ணுலகில் போடுகிறான். முகம் தெரிந்த எவன் பெயரையும் அதில் எழுதினால் 40 நொடியில் அவன் நெஞ்சடைத்துச் சாவான். ஏடு சிக்குவது லைட் யாகாமி என்னும் 17 வயது மாணவனிடம். வகுப்பில் முதல்வன், காவல் அதிகாரியின் மகன், நல்லவன் என்று ஊரார் மெச்சும் பிள்ளை. முதலில், குழந்தைகளைப் பிணையாகப் பிடித்த கயவன் பெயரை எழுதுகிறான். அடுத்து, தெருவில் ஒரு பெண்ணைத் தொல்லை செய்த முரடன் பெயரை. பிறகு அவன் கை ஓயவில்லை. ‘புதிய உலகின் கடவுள் நானே’ என்கிறான். மக்களும் அவனுக்குக் ‘கிரா’ என்று பெயர் சூட்டி வழிபடத் தொடங்குகிறார்கள். கடவுள்கள் எவ்வாறு பிறக்கின்றன என்று நாம் மேடைதோறும் சொல்லி வருவதை அந்தச் சப்பானியர்கள் படமாகவே வரைந்துவிட்டார்கள்!

இரண்டாம் பகுதியில் ஒரு கட்டம் வருகிறது. தொலைக்காட்சியில் ஒருவர் தோன்றி, ‘கிரா, உன் செயல் தீயது’ என்கிறார். அவ்வளவுதான். உடனே அவர் பெயர் ஏட்டில் ஏறுகிறது, சுருண்டு விழுகிறார். அவர் கொலை செய்தவர் என்றோ கொள்ளையடித்தவர் என்றோ யாகாமிக்குத் தெரியாது. அவன் அறிந்த குற்றம் ஒன்றே: தன்னைக் குறை சொன்னார். (விழுந்தவர் தூக்குத் தண்டனைக் கைதி என்பதும், துப்பறிவோன் அவரைத் தூண்டிற் புழுவாகப் பயன்படுத்தினான் என்பதும் பிறகே தெரிகிறது. நீதியின் பக்கம் நிற்பவனும் மனிதனைப் புழுவாக்கியதை யாரும் கவனிப்பதில்லை.) கயவர்களை ஒழிக்கப் பிறந்த ஏடு, கேள்வி கேட்டவரை ஒழிக்கும் ஏடாக மாற ஒரே இரவு போதுமானதாக இருந்தது. படகின் நிழலில் அதற்கும் கைதட்டல் எழுந்தது.

2005-இல் சீனத்தின் சென்யாங் நகரத்துப் பிள்ளைகள், தம் குறிப்பேடுகளை அந்த ஏட்டைப் போலச் செய்து, பிடிக்காத தோழர் பெயரையும் ஆசிரியர் பெயரையும் எழுதினார்கள். பள்ளிகள் தடை விதித்தன. 2015-இல் சீன அரசே அத்தொடரைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. தடையால் தீருமா? ஏட்டைப் பிடுங்கலாம், எழுதத் துடித்த விரலை என்ன செய்வது?

மாணவரைக் கடிந்துகொள்ள வாயெடுத்தோம். ஆனால் நா எழவில்லை. காரணம் உண்டு.

2005-இல் ‘அந்நியன்’ வெளிவந்தது. சட்டம் பேசி அலுத்த வழக்கறிஞன் ஒருவன். அவனுள்ளேயே இன்னொருவன் புகுந்து கொலை செய்கிறான். அடிபட்டுக் கிடந்தவனுக்கு வண்டி தர மறுத்தவன், இரயிலில் கெட்ட உணவு கொடுத்தவன், மட்டமான பிரேக் கம்பி செய்தவன் என ஒவ்வொருவருக்கும் ஒரு தண்டனை. எந்தச் சட்டப் புத்தகத்திலிருந்து? கருட புராணத்திலிருந்து! அந்தகூபம், கும்பிபாகம், கிருமிபோஜனம். எருமை மிதித்து, எண்ணெயில் பொரித்து, அட்டை கடித்து. ஏழை எளியவரை மிரட்டி, தானம் பறிக்கக் கட்டிவிட்ட புளுகு மூட்டை என்று நாம் கிழித்தெறிந்த அதே நரகப் பட்டியல், வண்ணத்தில், இசையோடு, நம்மிடமே திரும்பி வந்தது. நாம் என்ன செய்தோம்? பள்ளிச் சிறுவனாக, முன்வரிசைப் பலகையில் அமர்ந்து, கை சிவக்கத் தட்டினோம். படத்தின் முடிவில், மனநோய் தீர்ந்து திருமணமும் ஆன நாயகன், ஓடும் இரயிலிலிருந்து ஒரு குடிகாரனைத் தள்ளிவிடுகிறான். அவன் மின்வாரியத் தொழிலாளி. அவன் அசட்டையால் நாயகனின் தங்கை இறந்தாளாம். நோய் தீரவில்லை, ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொண்டது. அதைக் கண்டும் சிரித்தோம், தட்டினோம். கருட புராணம் பொய் என்று படித்தவர்தாம். ஆனால் பொய்யான நரகத்தின் மீது மெய்யான ஆசை நமக்குள் இருந்தது.

இதே தமிழ்நாட்டுத் திரையரங்கில் 1952-இல் வேறொரு கைதட்டல் எழுந்தது. ‘பராசக்தி’யின் குணசேகரன் கூண்டிலே நிற்கிறான். குற்றம் சாட்டப்பட்டவன் அவன். வழக்கை அவன் பேசுகிறான், சமுதாயத்தை நோக்கி விரல் நீட்டுகிறான், தீர்ப்பைக் கேட்க அங்கேயே நிற்கிறான். மக்கள் தட்டினார்கள், வசனத்தை மனப்பாடம் செய்து தெருமுனையில் பேசினார்கள். அவர்கள் தட்டியது சாவுக்கு அல்ல, வாதத்துக்கு. அன்று கூண்டில் நின்றவனுக்குத் தட்டிய நாடு, அரை நூற்றாண்டு கழித்துக் கூண்டே வேண்டாம் என்பவனுக்குத் தட்டியது.

‘திரைதானே, போகட்டும்’ என்பார் உளர். 2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே, பெண் மருத்துவர் ஒருவரைக் கெடுத்துக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நால்வரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. மக்கள் திரண்டு காவலர்மீது பூ தூவினர், இனிப்பு வழங்கினர். உச்சநீதிமன்றம் அமைத்த ஆணையம் 2022-இல் சொன்னது என்ன? தப்பி ஓடியதால் சுட்டோம் என்ற கதையை நம்ப முடியாது; வேண்டுமென்றே சுட்டார்கள்; மாண்டவருள் மூவர் 18 வயது நிரம்பாதவர். குற்றம் செய்தவர் அவர்கள்தாமா என்று எந்த நீதிமன்றமும் இனி ஆராயப்போவதில்லை. அந்தப் பூவிதழ்களைப் பொறுக்கி எடுக்க யாரால் முடியும்?

எதிர்வாதத்தை மறைக்க மாட்டோம். நீதி வருமா? வருகிறதா? 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில், கூலி கேட்ட குற்றத்துக்காக 44 உயிர்களை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். பெண்களும் பிள்ளைகளுமே மிகுதி. நம் இயக்கத்தின் ஆட்சி நடந்த நாளில்தான். அதைச் சொல்ல நா கூசக்கூடாது. வழக்கு நடந்தது, பண்ணையாரும் உடன் இருந்தோரும் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். 1980-இல் அந்தப் பண்ணையார் வெட்டிக் கொல்லப்பட்டார். அச்செய்தி படித்தபோது நம்முள் எழுந்தது துயரம் என்று சொன்னால் பொய் சொன்னவர் ஆவோம். நீதிமன்றம் கைவிட்டவனுக்குக் கைதட்ட உரிமை இல்லையா? இந்தக் கேள்வி பல இரவு நம்மைத் தூங்கவிடவில்லை. கைவிடப்பட்டவனின் சினத்தைப் பழிக்க நமக்குத் தகுதியில்லை. ஆனால் யாகாமி கைவிடப்பட்டவன் அல்லன். ஐதராபாத்தில் துப்பாக்கி பிடித்தவரும் அல்லர். எரிந்த குடிசையின் சினத்தை, எரியாத மாளிகையில் இருப்பவன் இரவல் வாங்கிக்கொள்கிறான். நாமும் நாற்காலியில் சாய்ந்தபடி அதையே செய்கிறோம்.

1957 நவம்பர் 26-ஐ நினைக்கிறோம். சாதியைக் காக்கும் அரசியல் சட்டப் பிரிவுகளைக் கொளுத்தப் பெரியார் அழைத்தார். கொளுத்தினால் மூன்றாண்டு வரை சிறை என்று முன்கூட்டியே சட்டம் செய்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கொளுத்தினர், நடுத்தெருவில், பகலில். தம் பெயரைத் தாமே கொடுத்துச் சிறை புகுந்தார்கள். அவர்களிடமும் ஒரு பட்டியல் இருந்தது. அதில் அவர்கள் எழுதியது பிறர் பெயரை அல்ல.

பிறர் பெயரை எழுதும் ஏடு ஒன்றும் கற்பனை அன்று. நம் நாட்டிலேயே இருந்தது. 1871-இல் வெள்ளையர் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தனர். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பாலேயே குற்றவாளி என்று சாதி சாதியாகப் பெயர் எழுதி, விரல் ரேகை பிடித்தார்கள். மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் சுட்டார்கள். 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடெங்கும் அச்சட்டம் நீங்கிற்று. நீங்கிய பின்னும், களவு போனதும் காவலர் முதலில் எந்தக் குடிசைக் கதவைத் தட்டுகிறார்கள் என்பது யாவரும் அறிந்ததே.

மறுவாரம் வகுப்பில் கேட்டோம்: ‘அந்த ஏடு உங்கள் கையில் கிடைத்தால் யார் பெயரை எழுதுவீர்கள்?’

விடைகள் பாய்ந்து வந்தன. கந்துவட்டிக்காரன். கரையோரம் வந்து மீன்குஞ்சோடு வாரிப்போகும் இழுவைப் படகு முதலாளி. ஏரியில் கழிவு கலப்பவன். மகளிர் பேருந்தில் ஏறியவுடன் இடிக்கின்றவன். எல்லாமே நியாயமான சினம். பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. பலகையில் இடம் போதவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண், எழாமலே கேட்டாள்: ‘சார், ஏடு ஊர்ப் பெரியவங்க கையில கிடைச்சா, அவங்க யார் பேரை எழுதுவாங்க?’

வகுப்பு அமைதியாயிற்று. அவள் இருளர் குடியிருப்புப் பிள்ளை. அவள் வீட்டார் ஏரியில் இடுப்பளவு நீரில் நின்று, கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். வலை இல்லை, படகு இல்லை, பாடும் இல்லை.

பாடு என்றால் என்ன என்று அறியாதோர்க்குச் சொல்கிறோம். ஏரியில் மீன் படும் இடங்களை இன்னார் இன்ன நாள் என்று முறை வைத்து, சீட்டுப் போட்டு, ஊரார் எல்லோரும் பார்க்கப் பங்கிடும் பழைய ஏற்பாடு அது. சீட்டு எடுப்பவன் முகம் தெரியும். தவறு என்றால் அங்கேயே சண்டை பிடிக்கலாம். மறைவில் பெயர் எழுதும் வழக்கத்துக்கு நேர் எதிரானது என்று அதைப் பாராட்டி அன்று பேச எண்ணிக்கொண்டுதான் வகுப்புக்குள் நுழைந்தோம். ஆனால் அந்தச் சீட்டில் பெண் பெயர் இல்லை, வேறு சாதியான் பெயர் இல்லை, அவள் தந்தை பெயர் இல்லை. வெளிச்சத்தில் போட்ட சீட்டிலும் விடுபட்ட பெயர்கள் உண்டு. நாம் எழுதி வைத்திருந்த உரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம்.

அவள் கேள்விக்கு ஒரு மாணவன், பலகையில் முதலில் பெயர் சொன்னவன், மெல்லச் சொன்னான்: ‘உங்க பேரைத்தான் எழுதுவாங்க.’ பிறகு எழுந்து வந்து, தான் சொன்ன பெயரைத் துடைத்தான். மற்ற பெயர்களைத் துடைக்கவில்லை. மணி அடித்தது.

சில நாள் கழித்து, அதே படகின் நிழலில், தொடரின் இறுதிப் பகுதியை அவர்களோடு அமர்ந்து பார்த்தோம். உலகில் குற்றம் 70 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது, போர்கள் நின்றுவிட்டன என்று யாகாமி முழங்குகிறான். குண்டடி பட்டு, குருதி சொட்ட ஓடி, ஒரு படிக்கட்டில் சாய்கிறான். ஏட்டைக் கொடுத்த அதே சாவுத் தேவன், பொழுது போய்விட்டது என்பதுபோல், அவன் பெயரையும் எழுதுகிறான். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். ஒருவன் மட்டும் தட்டக் கையெடுத்து, யாருக்காக என்று தெரியாமல், அப்படியே வைத்திருந்தான்.