மிதிப்புக்கும் இழுப்புக்கும் நடுவே

"மிதிச்சா உடனே எடுக்கலண்ணே, கொஞ்சம் பொறுத்துத்தான் இழுக்குது." கருணாபுரத்தில் பிக்கப் ஓட்டிப் பிழைக்கும் தம்பி மெக்கானிக்கிடம் சொன்னது இவ்வளவுதான். கள்ளக்குறிச்சி டவுனுக்குள் காலி வண்டியாக ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில், இரண்டாவது கியரில், குறை வெளியே வருகிறது.

ஏறும்போது உர மூட்டை, சிமெண்ட், மளிகை. இறங்கும்போது மரவள்ளிக்கிழங்கு. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கறுக்கத் தொடங்கிவிடும். ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்தின் பாயிண்ட் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். வண்டி ஒருநாள் படுத்தால் அந்த நஷ்டம் மலைமேல் கிழங்கு போட்டவர் தலையிலும் விழுகிறது.

*

தாமதம் எல்லாமே நோய் இல்லை. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை, டர்போவின் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. ஆல்ஃபிரட் பூஹி என்ற சுவிஸ் பொறியாளர் 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்றைய சிறிய டர்போக்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்கின்றன. மிதித்த பின் புகை பெருகி, சக்கரம் அந்த வேகத்தைப் பிடிக்க ஒரு கணம் ஆகத்தான் செய்யும். அது வண்டியின் சுபாவம்.

சுபாவம் எங்கே முடிகிறது, குறை எங்கே தொடங்குகிறது என்பது தினமும் ஓட்டுகிறவன் காலுக்குத்தான் தெரியும். பானெட்டைத் திறக்கும் முன் அவன் சொல்வதை முழுக்கக் கேட்க வேண்டும். எந்தக் கியர், எவ்வளவு லோடு, காலையிலா மதியத்திலா, என்ன சத்தம்.

*

முதல் கேள்வி எளிது. மிதித்ததும் எஞ்சின் சத்தம் ஏறுகிறதா? சத்தம் ஏறியும் வண்டி நகரத் தயங்கினால் கிளட்ச் தேய்ந்து வழுக்குகிறது. சத்தமே ஏறாவிட்டால் காற்றோ டீசலோ போதவில்லை, அல்லது மிதிக்கட்டையில் உள்ள சென்சார் காலின் செய்தியைச் சரியாகக் கடத்தவில்லை. கறுப்புப் புகை கக்கினால் காற்றுப் பக்கம் பார்க்க வேண்டும். புகையே இல்லாமல் ஏற்றத்தில் சோர்ந்தால் டீசல் ஃபில்டரைச் சந்தேகிக்கலாம்.

மலையைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. மூவாயிரம் அடி உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவது உண்மைதான். அதைப் பெரும்பாலும் டர்போ ஈடுகட்டிவிடும். போன மாதம் இதே வளைவில் சிரமமில்லாமல் ஏறிய வண்டி இது.

*

தாமதம் என்ற சொல்லை இந்த ஊரில் எழுதும்போது கை நிற்கிறது. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து, கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெத்தனால் குடித்த உடனே தன் முகத்தைக் காட்டுவதில்லை. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றப் பல மணி நேரம் ஆகும், சில சமயம் ஒரு நாள்கூட. அதுவரை சாதாரணப் போதைபோலத்தான் இருக்கும். பிறகு வயிற்று வலி, மூச்சிரைப்பு, கண் மங்கல். அந்த இடைவெளிக்குள் மாற்று மருந்தும் டயாலிசிஸும் கிடைத்தால் உயிரையும் பார்வையையும் காக்க முடியும். ஆனால் நன்றாக இருப்பதாக நினைக்கிறவர் எதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவார்? காரணத்துக்கும் அறிகுறிக்கும் நடுவே இருந்த அந்த மணி நேரங்கள் எத்தனை வீடுகளைக் காலி செய்துவிட்டன. இதை ஒரு வண்டியோடு ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊரில் உட்கார்ந்து எழுதும்போது விட்டுவிடவும் முடியவில்லை.

*

தம்பியின் வண்டிக்கு ஸ்கேனர் போட்டதும் டர்போ அழுத்தம் குறைவு என்ற பிழைக்குறியீடு, அதாவது கோடு, வந்தது. அழுத்தத்தை அளக்கும் சென்சாரை மாற்றிவிடலாம் என்று பலரும் இந்த இடத்தில் முடிவு செய்வார்கள். அந்தச் சென்சார் உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. காற்று போதாதபோது டீசலை முழுதாகப் பீய்ச்சினால் வெறும் புகைதான் மிஞ்சும் என்பதால், எஞ்சின் கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துக் காத்திருக்கிறது. தம்பியின் கால் உணர்ந்தது அந்தக் காத்திருப்பை.

மெக்கானிக் பழைய துணியை எடுத்து, டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் மட்டும் புழுதி ஈரமாக ஒட்டியிருந்தது. எஞ்சினின் ஆவிக்குழாய் வழியாகக் கொஞ்சம் ஆயில் எப்போதும் இந்தக் காற்றோடு கலந்து வரும். ஹோஸில் கீறல் இருந்தால் ஆயில் அங்கே கசியும், சாலைப் புழுதி அதில் படியும். ஹோஸின் இரு முனையையும் அடைத்து, டர்போ ஊதும் அளவு அழுத்தத்துக்கு மட்டும் காற்று விட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்தார். வளைவின் அடிப்பக்கத்தில் நுரை கிளம்பியது.

கிளாம்ப்புக்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை நீளக் கீறல். வண்டி ஐடிலில் நிற்கும்போது அதன் உதடுகள் மூடியே இருக்கும். லோடு ஏறி, டர்போ முழுமூச்சாக ஊதும்போதுதான் அது வாய் திறக்கும். ஷெட்டில் நிறுத்தி எத்தனை முறை ரேஸ் பண்ணினாலும் சொல்லாத சேதி அது. லோடோடு ஏற்றத்தில் கேட்ட ஒரு மெல்லிய 'உஸ்' சத்தத்தைத் தம்பி நினைவு வைத்திருந்து சொன்னதால்தான் துணி நேராக அந்தப் பக்கம் போனது.

*

ஹோஸ் புதிது, கிளாம்ப்பும் புதிது. பழைய கிளாம்ப்பை மறுபடி போட்டிருந்தால், நெளிந்த அதன் விளிம்பு புது ரப்பரையும் அறுத்திருக்கும். ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தார். செம்மண் கொட்டியது, அதையும் மாற்றச் சொன்னார். ஸ்கேனரில் கோடை அழித்துவிட்டு, உர மூட்டைகளை இறக்காமலே அதே ஏற்றத்துக்கு ஓட்டிப்போய் வரச் சொன்னார். கோடு திரும்ப வரவில்லை. ரப்பர் சூட்டில் படிந்து கொஞ்சம் தளரும் என்பதால், நாலைந்து லோடு ஓடியபின் கிளாம்ப்பை இன்னொரு முறை முறுக்க வண்டியைக் கொண்டுவர வேண்டும்.