வேலை போய்விடுமோ என்ற பயமும் தவக்குலும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோலை நம்பி உலை வைக்கும் குடும்பங்கள் ஏராளம். இருபது, இருபத்தைந்து வருடங்கள் ஒரே டேனரியில் அல்லது ஒரே ஷூ கம்பெனியில் உழைத்தவர்கள் அவற்றில் உண்டு. 1996 ஆகஸ்டில், மாசுக் கட்டுப்பாட்டு ஏற்பாடு செய்யாத டேனரிகளை மூடும்படி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இவ்வீடுகளில் ஒரு பயம் புகுந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீதத் தீர்வை விதித்தபோது அதே பயம் மறுபடியும் வந்தது. முதலில் ஓவர்டைம் நிற்கும். பிறகு காண்டிராக்ட் ஆட்களை வரவேண்டாம் என்பார்கள். அதன் பிறகு, "லிஸ்ட் தயாராகிறதாம்" என்ற பேச்சு கிளம்பும். யார் பெயர் அதில் இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. இப்படி மாதக்கணக்கில் காத்துக் கிடப்பது, வேலை போவதைக் காட்டிலும் கடினம்.

இந்தப் பயம் ஈமானின் குறைவா? "ரிஜ்கு அளிப்பவன் அல்லாஹ் அல்லவா? உமக்குத் தவக்குல் இல்லையா?" என்று கேட்டு வாயடைத்து விடுகிறவர்கள் உண்டு. அப்படிக் கேட்பவர்களில் பலர் மாதம் தவறாமல் வாடகை வருகிறவர்கள் என்பதையும் நாம் கவனித்திருக்கிறோம்!

மூஸா (அலை) அவர்களின் தாயார் தம் குழந்தையை ஆற்றில் விட்டபின் அவருடைய உள்ளம் வெறுமையாகிவிட்டது என்றும், அல்லாஹ் அதை உறுதிப்படுத்தியிராவிட்டால் விஷயத்தை வெளிப்படுத்தி விட்டிருப்பார் என்றும் சூரா கஸஸ் சொல்கிறது. குழந்தையைத் திருப்பித் தருவதாக அல்லாஹ்வே அவருக்கு வாக்களித்திருந்தான். அப்படியிருந்தும் உள்ளம் பதறிற்று. மூஸா (அலை) அவர்களுக்கும் சூனியக்காரர்களின் கயிறுகளைக் கண்டு மனத்துள் அச்சம் ஏற்பட்டதை சூரா தாஹா கூறுகிறது. அதற்காக அல்லாஹ் அவர்களைக் கடிந்து கொள்ளவில்லை; அஞ்ச வேண்டாம் என்று தேற்றினான். ஆகவே, நான்கு பிள்ளைகளை வைத்துக் கொண்டு பயப்படுகிறவரைப் பார்த்து ஈமான் இல்லாதவர் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. பயம் வருவது பாவமன்று. அந்தப் பயம் நம்மை என்ன செய்ய வைக்கிறது என்பதில்தான் கேள்வி இருக்கிறது.

லிஸ்ட் பற்றிய பேச்சு கிளம்பியதும் ஷைத்தான் ஒரு வழியைக் காட்டுகிறான். பக்கத்து மெஷினில் நிற்பவர் தாமதமாக வருகிறார், அவர் கைக்கு இப்போது வேகமில்லை என்று சூபர்வைசர் காதில் போட்டு வைத்தால், வெட்டு அவர் மீது விழும், நாம் தப்புவோம். பதினைந்து வருடம் ஒரே சட்டியில் சோறு பகிர்ந்தவர்கள் இந்த நாட்களில் ஒருவரையொருவர் வேவு பார்க்கிறார்கள். கோள் சொல்பவன் சுவனம் புகமாட்டான் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அத்துடன் இன்னொரு ஹதீஸையும் இங்கே நினைக்க வேண்டும். ஒரு பெண் தன் சகோதரியின் பாத்திரத்தைக் காலி செய்து கொள்ளும் எண்ணத்தில் அவளுடைய தலாக்கைக் கோரலாகாது. இவளுக்கு விதிக்கப்பட்டது இவளுக்குக் கிடைக்கும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் வாக்கின் கருத்து. நிக்காஹ் விஷயத்தில் சொல்லப்பட்டதாயினும், அடுத்தவர் தட்டைக் கவிழ்த்து நம் தட்டை நிரப்ப நினைக்கும் எல்லா இடத்துக்கும் அந்த நியாயம் பொருந்தாதா? பொறுப்பிலுள்ளவர் கேட்டால் உண்மையைச் சொல்வது அமானத். கேளாமலே போய்ச் சொல்வது வேறு.

நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் மஸ்அலா ஒன்று. ஆர்டர் இல்லாமல் நாள் முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்து வாங்கும் சம்பளம் ஹலால்தானா? ஹலால்தான். மாதச் சம்பளத்துக்கு அமர்ந்தவரை நம் ஃபுகஹாக்கள் அஜீர் காஸ் என்பார்கள். குறித்த நேரத்தில் வேலைக்குத் தயாராகத் தம்மை ஒப்படைத்து விட்டால் அவருக்குக் கூலி கடமையாகிறது. முதலாளி வேலை கொடுக்காதது அவர் குற்றமன்று. ஆனால் வேலை இருக்கும்போது, எப்படியும் அனுப்பப் போகிறார்கள் என்று கையைத் தளர்த்துவதும், அந்த நேரத்திலேயே வேறு கம்பெனிக்கு வேலை கேட்கப் போவதும் கூடாது. விற்ற நேரம் அது. வேறிடம் தேடுவதற்கு லீவு போட்டுக் கொள்ள வேண்டும். தேடுவது தவக்குலுக்கு மாறானதன்று. ஹதீஸில் உவமை கூறப்பட்ட பறவைகளும் காலையில் பசியோடு கூட்டைவிட்டுப் புறப்பட்டுத்தானே போகின்றன!

தம் ஹக்கைக் கேட்பதும் பொறுமையின்மை ஆகாது. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வகுத்த கணக்கு, ஐந்து வருடம் முடித்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாகக் கணக்கிட வேண்டும். கடைசிச் சம்பளம் 15,600 ரூபாய் என்றால் நாளுக்கு 600; 22 வருடத்துக்கு 1,98,000 ரூபாய். ஆட்குறைப்பு என்றால் இது போக நஷ்டஈடும் உண்டு. தாமாக விலகியதாக ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தவருக்கு அந்த நஷ்டஈடு போய்விடும். ஆகையால் நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போடாதீர்கள். இங்கே முதலாளிகளாக உள்ள சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கொடுக்க வேண்டிய பாக்கியை நிறுத்தி வைத்துக் கொண்டு, ரமளானில் அதே தொழிலாளிக்கு ஜகாத் என்று சில ஆயிரங்களைக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்க முடியாது. கூலி பாக்கி கடன். ஜகாத்தால் அந்தக் கடன் அடையாது; கடனைக் கழிக்கக் கொடுத்தது ஜகாத்தாகவும் ஆகாது.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மக்காவில் எல்லாவற்றையும் விட்டு மதீனா வந்தபோது வாலிபர் அல்லர், நாற்பதைத் தாண்டியவர். ஸஅது இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று கேட்டுப் போய், பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்று லாபத்துடன் திரும்பினார்கள். எல்லோருக்கும் அப்படிக் கைகூடிவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஐம்பது வயதில், ஷேவிங் மெஷின் தவிர வேறொன்றும் பழகாத கைக்குப் புதுத் தொழில் எளிதன்று. ஆனால் பாதியைத் தர ஒரு ஸஅது முன்வந்தார் என்பதும் அந்தச் சம்பவத்தில் இருக்கிறது. அதை நம் மஹல்லாக்களில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

வீட்டில் சொல்லாமல் மறைக்கிறவர்கள் பலர். சம்பளம் தொடர்ந்து வரும் என்ற தைரியத்தில் மகள் நிக்காஹுக்கு மண்டபம் பேசி, வட்டிக்குக் கடன் வாங்கும் அளவுக்குப் போய் விடுகிறார்கள். வட்டி ஹராம் என்பது ஒரு புறமிருக்க, மனைவி மக்களை இருட்டில் வைத்து எடுத்த முடிவு அது. இஷாவுக்குப் பின் உட்கார்ந்து மனைவியிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் அவருக்கு அது முன்பே தெரிந்திருக்கும். ஓவர்டைம் பணம் நின்ற மாதமே அவர் பாலைக் கால் லிட்டர் குறைத்திருப்பார்.