கடல்கட்டி

மார்ச் கடைசியில் குல்மார்க் போகிறோம், வருகிறாயா என்று அலுவலக நண்பன் கேட்டான். கேபிள் கார் இறக்கிவிடும் இடத்தையும் தாண்டி நடந்து, யாரும் சீர்செய்யாத மலைமுகட்டிலிருந்து பனியில் சறுக்கி இறங்குவது திட்டம். 2023 பிப்ரவரி 1 அன்று அதே அபர்வத் மலையில் போலந்துக்காரர்கள் இருவர் பனிச்சரிவில் புதைந்து இறந்த செய்தி நினைவுக்கு வந்தது. சொன்னேன். "நாலு சீசன் போயிருக்கேன்டா, ஒண்ணும் ஆகலை" என்றான்.

இதே வாக்கியத்தை நான் திரேஸ்புரத்தில் கேட்டு வளர்ந்தவன். "இருவது வருசமா முங்குதேன். கடல் நம்மள ஒண்ணும் செய்யாது மருமவனே." மாமா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர்.

எங்கள் கடற்கரையில் இந்த நம்பிக்கைக்கு முன்பு சம்பளமே உண்டு. முத்துக்குளிப்புக் காலத்தில் 'கடல்கட்டி' என்றொருவர் இருப்பார். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் தெரிந்தவர். அவர் மந்திரிக்காமல் யாரும் இறங்க மாட்டார்கள். இவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம், யாரும் திருட்டுத்தனமாகக் குளிக்கக்கூடாதென்று. (எனக்கு ரொம்பப் பிடித்த விவரம் இது.) கரை கிறிஸ்தவமான பிறகும் கடல்கட்டி போகவில்லை. பிரிட்டிஷ் அதிகாரிகள் சிரித்துக்கொண்டே அவருக்குக் கூலி கொடுத்தார்கள். மந்திரம் பலித்ததா என்றால், பலித்தது. அந்தப் பார்களில் சுறா ஆளைக் கடிப்பதே அபூர்வம். கடிக்காத ஒவ்வொரு நாளும் மந்திரத்தின் கணக்கில் ஏறியது.

மாமா காலத்தில் கல்லைக் கட்டி மூச்சடக்கி இறங்கும் பழக்கம் போய், கம்ப்ரசர் வந்துவிட்டது. படகில் எஞ்சின் ஓடும், டியூபை வாயில் கவ்விக்கொண்டு பத்துப் பாகம் ஆழத்தில் மணிக்கணக்காகத் தங்கலாம். மூச்சடக்கிப் போகிறவன் ஒன்றரை நிமிடத்தில் மேலே வந்தாக வேண்டும். டியூபோடு போகிறவனுக்கு அந்த அவசரம் இல்லை, ஆபத்தும் அங்கேதான். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு. சுவாசிக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துகொண்டே இருக்கும். சட்டென்று மேலே வந்தால் குமிழியாக வெளியேறும். மூட்டில் என்றால் வலி, தண்டுவடத்தில் என்றால் கால் விளங்காது.

வலி வந்தால் திரும்ப இறங்கு, சரியாகிவிடும் என்பது அவர்கள் வைத்தியம். உண்மையிலேயே சரியாகும். அழுத்தம் கூடியதும் குமிழி சுருங்கும், வலி அடங்கும், கூடவே இன்னும் கொஞ்சம் நைட்ரஜனும் ஏறும். தப்பான பாடத்தை இவ்வளவு நேர்த்தியாகச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வசந்தகாலப் பனியும் அப்படித்தான். பகல் வெயிலில் உருகிய நீர் அடுக்குகளுக்குள் இறங்கிப் பிடிமானத்தைத் தளர்த்தும். இரவுக் குளிரில் எல்லாம் மறுபடி இறுகும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் விடியுமுன் ஏறி, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுவார்கள். இரவில் மேகம் மூடியிருந்தால் பனி சரியாக இறுகாது, ஆனால் காலையில் பார்க்க நேற்றைப் போலவே இருக்கும். நேற்று தாங்கிய சரிவு இன்று தாங்கும் என்பதற்கு நேற்றிடம் சாட்சி இல்லை. ஐரோப்பாவில் ஆபத்தை ஐந்து நிலைகளாக அறிவிக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தில் அதிகம் பேர் சாவது ஐந்தில் அல்ல, மூன்றில். ஐந்தென்றால் யாரும் போவதில்லை. மூன்றென்றால் "பார்த்துப் போய்க்கலாம்".

அமெரிக்காவில் நடந்த நூற்றுக்கணக்கான பனிச்சரிவு விபத்துகளை இயன் மெக்கேமன் என்பவர் ஆராய்ந்திருக்கிறார். பழகிய சரிவில், பயிற்சி பெற்றவர்களும் அடையாளங்களைக் கண்டுகொள்ளாமல் இறங்கியிருக்கிறார்கள் என்கிறார். மென்பொருள்காரனுக்கு இது புதிதில்லை. ரெண்டு வருசமா ஓடுகிற கோடை யாரும் தொட மாட்டோம், அது சரி என்பதால் அல்ல.

"தெரிஞ்சுதானே போறாங்க, அப்புறம் என்ன பரிதாபம்?" என்று மலையில் இறந்தவர்களைப் பற்றி எழுதுவார்கள். மாமாவைப் பற்றியும் தெருவில் அதைத்தான் சொன்னார்கள். என் நண்பன் விஷயத்தில் அதை ஓரளவு ஒப்புக்கொள்வேன். அவனிடம் புதைந்தால் சிக்னல் கொடுக்கும் கருவி இருக்கிறது, சண்டிகரில் உள்ள பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் விடும் எச்சரிக்கையை வாசிக்கிறான், வேண்டாமென்றால் வீட்டில் இருக்கலாம். மாமாவிடம் என்ன இருந்தது? எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம், எங்கே நின்று நின்று மேலே வர வேண்டும் என்ற அட்டவணையை ஹால்டேன் 1908லேயே போட்டுவிட்டார், பிரிட்டிஷ் கடற்படைக்காக. நூறு வருசம் கழித்தும் அது திரேஸ்புரத்துப் படகில் ஏறவில்லை. கடல் ஆபத்தானது என்று மாமாவுக்குத் தெரியும். எந்த இடத்தில் ஆபத்து என்று தெரியாது. அந்தச் சம்மதத்தை நான் முழுச் சம்மதமாக எண்ண மாட்டேன்.

இப்படிச் சொல்வது எனக்குச் சுலபம் இல்லை. கல்லூரி முதலாண்டில் சோடா பாட்டிலைத் திறந்து காட்டி எங்களுக்கு ஹென்றி விதி நடத்தினார்கள். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வருபவன் உடம்பிலும் இதுதான் நடக்கும் என்றார் ஆசிரியர். கடைசி பெஞ்சில் இருந்த எனக்கு மாமா முகம் வந்தது. அந்த செமஸ்டர் ஃபீஸ் சங்குக் காசு. ஊருக்குப் போனபோது சொல்லவில்லை. அடுத்த முறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா? சிரித்திருப்பார் என்றே தோன்றுகிறது. அந்தச் சிரிப்பை இத்தனை வருடமாக எனக்குச் சாதகமான சாட்சியாக வைத்திருந்தேன்.

மூன்றாமாண்டில் ஒரு மதியம் கரையேறியவர் படகிலிருந்து காலை எடுத்து வைக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நண்பனிடம் அட்டவணை, மேகம், வெயில் எல்லாம் ஒரு மணிநேரம் பேசினேன். "நீ எப்ப மலையேற ஆரம்பிச்ச?" என்று கேட்டான். அன்று இரவு மாமாவுக்குப் போன் செய்து, முதல் தடவையாக அந்த சோடா பாட்டில் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அப்பவே படிச்சிட்டியோ நீ?"

"ஆமா மாமா."

கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "எத்தன நிமிசம் நிக்கணும்னு போட்டிருக்கு?" என்றார். இருபது மீட்டருக்கு உள்ள கணக்கை வாசித்தேன். "மெதுவா சொல்லுலே, எழுதணும்," என்றார். "பக்கத்து வீட்டுப் பயல் இப்ப முங்கப் போறான்."