அவகாசமும் பொறுப்பும்

2024 ஆகஸ்ட் 22 அன்று சியாட்டில் மரினர்ஸ் பேஸ்பால் அணி தன் மேலாளர் ஸ்காட் சர்வைஸைப் பணிநீக்கம் செய்தது. அவருக்கு முறையாகச் சொல்வதற்குள் செய்தி வெளியே பரவிவிட்டது. ஜூன் மாதத்தில் தன் பிரிவில் 10 ஆட்டங்கள் முன்னிலையில் இருந்த அணி, அன்று 64 வெற்றி, 64 தோல்வி என்று இறங்கியிருந்தது. பந்துவீச்சில் குறையில்லை, மட்டைதான் கைவிட்டது. அந்தப் பருவத்தின் பேட்டிங் சராசரி .224. பந்தை அடிக்க முடியாமல் மட்டையாளர் ஆட்டமிழக்கும் ஸ்டிரைக்-அவுட்கள் 1,600ஐத் தாண்டின. வேறெந்த அணிக்கும் அத்தனை இல்லை.

யார் குற்றம்? தோல்வி வந்தால் நாம் ஒரு முகத்தைத் தேடுகிறோம். களத்தோரம் கண்ணெதிரே நிற்பவர் மேலாளர். ஆகவே முதலில் உருளும் தலை அவருடையது. ஆனால் அந்த வீரர்களைத் திரட்டியது நிர்வாகம். ஸ்டிரைக்-அவுட்டைக் குறைக்கவும் செலவைச் சுருக்கவும் முந்தைய பருவம் முடிந்ததும் மட்டையாளர் சுவாரெஸை வேறு அணிக்கு மாற்றியது, இன்னொரு மட்டையாளரான ஹெர்னாண்டஸைப் போகவிட்டது. ஸ்டிரைக்-அவுட் குறையவில்லை. ஹெர்னாண்டஸோ டாட்ஜர்ஸ் அணிக்குப் போய் 33 ஹோம் ரன்கள் அடித்தார். அந்த அணி உலகத் தொடரையும் வென்றது.

இத்துடன் வழக்கு முடிந்துவிடுமா? அந்த நிர்வாகம் நம்பி வாங்கிய ஹோர்ஹே பொலாங்கோ அவ்வாண்டு .213 சராசரியில்தான் அடித்தார்; பருவம் முடிந்ததும் அவர் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. பந்தின் வேகத்தைத் தளர்த்தும் குளிர்ந்த கடற்காற்றும் அணியின் சொந்த மைதானத்தில் உண்டு. புதிய மேலாளர் டேன் வில்சனின் கீழ் எஞ்சிய 34 ஆட்டங்களில் 21ஐ அணி வென்றதையும் ஒதுக்கிவிட முடியாது. காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது.

பொறுப்பை வேறோர் அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பாய்ந்து வரும் பந்தை அடிப்பதா விடுவதா என்று தீர்மானிக்க மட்டையாளருக்கு அரை நொடிகூட இல்லை. மேலாளருக்குச் சில நிமிடங்கள். நிர்வாகத்துக்கோ ஒரு முழுக் குளிர்காலம். சிந்திக்க அதிக அவகாசமும், வேண்டாம் என்று மறுக்கும் அதிகாரமும், தவறினால் திருத்திக்கொள்ளும் வசதியும் எவரிடம் சேர்ந்திருக்கின்றனவோ, அவர் விளைவுக்கு முழுக் காரணமாக இல்லாதபோதும், அதற்குப் பதில் சொல்லும் கடமையிலிருந்து விலக முடியாது. களத்திலும் குடும்பத்திலும் அரசிலும் இந்தக் கடமையைத் தனக்குக் கீழே இருப்பவர்மீது இறக்கிவைக்கும் வழக்கமே நம் நீதியுணர்வை மெல்ல மெல்லத் தேய்க்கிறது.

அந்த அளவுகோல் பாராட்டுக்கும் பொருந்த வேண்டும். சராசரியை மட்டும் பார்த்திருந்தால் பொலாங்கோவை அணி அத்துடன் மறந்திருக்கலாம். நிர்வாகம் அவரைக் குறைந்த ஊதியத்தில் மீண்டும் ஒப்பந்தம் செய்தது. 2025இல் அவர் 26 ஹோம் ரன்கள் அடித்தார். டெட்ராய்ட்டுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் முடிவாட்டம் 15ஆவது இன்னிங்ஸ் வரை நீண்டபோது வெற்றி அடியும் அவருடையதே. 2024க்காக நிர்வாகத்தைக் கேள்வி கேட்டவர்கள் இதையும் அதன் கணக்கில் எழுதட்டும்.