மூத்த மகனின் கேள்வி



குற்றம் புரிந்து மறியலுக்குச் சென்று மீண்டவனுக்குப் பொதுப் பணத்தில் தொழில் பழக்குவது நீதியாகுமா? "ஒரு குற்றமும் அறியாத என் பிள்ளை வேலையின்றி வீட்டில் இருக்கிறான். அவனுக்குக் கிடைக்காத பயிற்சி திருடியவனுக்கு எதற்கு?" என்று வரி செலுத்தும் ஏழைத் தகப்பன் கேட்டால், அதைக் கல்நெஞ்சன் பேச்சென்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ஊதாரி மைந்தனின் உவமையில், வயலிலிருந்து திரும்பிய மூத்த மகனின் மனக்குறையும் இதுவே.

ஐக்கிய அமெரிக்காவில் இக்குறை சட்டமாகவே மாறிற்று. கைதிகள் உயர்கல்விக்காகப் பெற்றுவந்த 'பெல்' உதவிப் பணத்தை 1994ஆம் ஆண்டுச் சட்டமொன்று நிறுத்தியது. நேர்மையானவர்களின் பிள்ளைகள் தவிக்கையில் கைதிகளுக்கு ஏன் என்பதே அன்று கூறப்பட்ட நியாயம். அக்கதவு முழுமையாக மீண்டும் திறந்தது 2023 ஜூலையிலேதான். இதனிடையே, விடுதலையானோரை வாழ்வில் நிலைநிறுத்த உழைக்கும் இலாப நோக்கற்ற நிறுவனங்களும் அரசாங்க மானியம் பெற 2008இல் 'இரண்டாவது வாய்ப்புச் சட்டம்' வழிசெய்தது.

தர்மப் பணம் மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், இயேசு சபைக் குருவான கிறகரி பொயில் அடிகள் 1988இல் தொடங்கிய வேலைத்திட்டம் 1992இல் ஒரு பேக்கரியாயிற்று. ஒருவரையொருவர் கொல்லத் தேடிய கும்பல்களின் இளைஞர்கள் அங்கே அருகருகே நின்று மா பிசைந்தனர். 'ஹோம்போய் இன்டஸ்ரீஸ்' என உலகறிந்த அந்நிறுவனமே, 2010 மே மாதம் பணமுடையால் ஏறக்குறைய 300 பேரை வேலையிலிருந்து நிறுத்த நேர்ந்தது. கொடையாளியின் கை சுருங்கும் காலமே, வேலையற்றவனுக்கும் மிகக் கொடிய காலம்.

நீதிபதி விதித்த தண்டனைக்கு ஓர் அளவுண்டு. மூன்று ஆண்டென்றால் மூன்று ஆண்டுதான். அதன் பின்னரும் எந்தக் கடையும் பட்டறையும் அவனைச் சேர்க்காவிடில், தீர்ப்பின்றியே அவன் தண்டனை நீள்கிறது. இது நாம் எல்லோரும் கூடிச் செய்யும் அநீதி. எல்லோரும் கூடிச் செய்த அநீதிக்கு எல்லோரினதும் பணத்திலிருந்து பரிகாரம் காண்பதே முறை. பெறும் நிறுவனம் சதக் கணக்கும் காட்டட்டும். எத்தனை பேர் வேலையில் நிலைத்தனர் என்றும் சொல்லட்டும். அது அதன் கடமை.

அப்படியானால் மூத்த மகனுக்கு என்ன பதில்? உவமையை மீண்டும் வாசித்துப் பாருங்கள். இளையவனை எதிர்கொள்ள ஓடிய தந்தை, கோபித்து வெளியே நின்ற மூத்தவனிடமும் தாமே இறங்கி வந்தார். ஒருவனுக்காக மற்றவனை அவர் கைவிடவில்லை. பயிற்சிக்கூடத்தின் கதவு இருவருக்கும் திறக்கவேண்டும்; இளையவனுக்கு அடைப்பதால் மூத்தவனுக்கு வேலை கிடைத்துவிடாது.

அரசாங்கம் பயிற்சிக்குப் பணம் தரலாம்; பயின்றவனை வேலைக்கு எடுக்கவேண்டியவர் யார்? கடையோ பட்டறையோ நடத்தும் வாசகரே, நாளை அவன் உங்கள் வாசலில் வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்?